முதலாளி மேசைக்கு ஒரு சிவப்புக் கோடு

சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த நீளத் தாள் ஞாபகம் வரும். இரு ஓரமும் ஓட்டை போட்ட கணினித் தாள்களை ஒட்டி ஒட்டி, எங்கள் கோவை அலுவலகத்தின் ஒரு சுவர் முழுக்க நீட்டியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. ஒரே சமயத்தில் பல ஆலைகளின் வேலை நடக்கும். எதுவும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேராது. எல்லா வேலையையும் ஒரே இடத்தில் தேதிவாரியாகக் கோடுகளாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் சோதித்து, அதன் லாப நட்டத்தை எழுதித் தரத்தான் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அதை வாங்கினால் எனக்கு வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நட்டப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. மென்பொருளின் விலை, கணினிக்கு ஏசி அறை, முடிந்த வேலையைச் சாயங்காலம்தோறும் வந்து சொல்ல ஃபோர்மேன்களுக்கு ஆகும் நேரம். "வேலையச் செய்யறதுங்களா, செஞ்சதச் சொல்லிட்டே இருக்கறதுங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நியாயம்தான், அதையும் எழுதிக்கொண்டேன். லாபப் பக்கத்துக்கு, தாமதம் எங்கே என்று தெரிய வேண்டும். துருவிக்கொண்டே போனதில், எல்லாக் கோடும் முதலாளியின் மேசையில் போய் முட்டியது. அவர் கையெழுத்தில்லாமல் ஓர் இயந்திர வரைபடமும் பட்டறைக்குப் போகாது. ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். வாரக் கடைசியில் காங்கேயம் தோட்டத்துக்கும் கட்டாக எடுத்துப் போவார். பாதி கையெழுத்தாகாமல் அப்படியே திரும்பி வரும்.

எங்கள் பிரிண்டர் கறுப்பில் மட்டுமே அச்சடிக்கும். தாமதங்களைக் கையால்தான் சிவப்பாக்க வேண்டும். முதலாளி மேசையின் அந்த ஒரு கோட்டுக்காகப் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். பயம்தான். ஆனாலும் போட்டுவிட்டேன்.

முதலாளி சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். "ஏனுங் அம்மணி, இத்தன நீளத்துக்குச் செவப்பு கெடக்குதே, இது யாருதுங்க?"

"உங்க மேசைதானுங்க ஐயா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "அப்ப இத வாங்குனா நட்டம் எனக்குத்தானாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். வாங்கினார். கையெழுத்துப் பொறுப்பை வரைவுப் பிரிவுத் தலைவரிடம் விட்டார். இயந்திரங்கள் தேதிக்குப் போகத் தொடங்கின, என் வேலையும் நிரந்தரமாயிற்று. அதன்பிறகும் அடிக்கடி வரைவு அறைக்கு வந்து, "சும்மா பாக்கத்தானுங்க வந்தேன்" என்று ஒரு வரைபடத்தைத் தடவிவிட்டுப் போவார். அந்த நட்டத்தை நான் எழுதியிருக்கவில்லை.

இப்போது தாமதமானால் திரையே தானாகச் சிவக்கிறது. தினமும் ஏகப்பட்ட சிவப்பு. யாருது என்று கேட்கத்தான் ஆளில்லை. நேற்று ஒரு நீளச் சிவப்பின் மேல் என் பெயரே இருந்தது. மேலதிகாரியிடம் நானே சொல்லப் போனேன். அவர் அறைக் கதவருகே, பேனா மூடியைத் திறந்து மூடிய அதே பயம்.