மாங்காயில் நின்ற முன்பல்

சித்தூர் மண்டியில் மாங்காய் வாங்கி விற்கிறவன் நான். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, ஈறில் ரத்தமும் வரும். திருப்பதி பல் டாக்டர் ஈறைச் சுத்தம் செய்துவிட்டு, "மறுபடி வரணும். நெல்லிக்காய் மாத்திரை சாப்பிடலாம், ஆனா அது துணைக்குத்தான்" என்றார். நான் துணையை வைத்துக்கொண்டு டாக்டரை விட்டுவிட்டேன்.

சீசனில், வாங்க வந்த வியாபாரிக்குக் காய் நல்ல ருசி என்று காட்ட நானே ஒன்றைக் கடித்தேன். ஆடிக்கொண்டிருந்த முன்பல் காயிலேயே நின்றுவிட்டது.

"இன்னா நைனா, இந்தக் காய்க்குக் கொட்டை வெளியில இருக்குது?" என்றார் அவர்.

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. "மாத்திரையத் துன்னுகினு டாக்டரை மறந்துட்ட. மிச்ச பல்லையும் மண்டியிலயே உட்டுட்டு வரப்போறியா?"

இப்போது சொன்ன தேதியில் ஈறு சிகிச்சைக்குப் போகிறேன். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லியே விழுங்குகிறேன். காயைக் கத்தியால் நறுக்கி, வியாபாரியையே கடிக்கச் சொல்கிறேன்.