நேராகப் பார்க்கும் பெண்

என் கண்கள் ஆடும் என்று ஊரே சொல்லும். கண்ணாடியில் எத்தனை முறை பார்த்தும் எனக்கு அது தெரிந்ததில்லை. அக்கா போனில் வீடியோ எடுத்துக் காட்டியபோதுதான் நம்பினேன். இரண்டு கருவிழிகளும் இடவலமாக நடுங்கிக்கொண்டிருந்தன. அன்று அழுதேன்.

திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரம்மாதான் விளக்கினார். எல்லோருடைய கண்ணும் ஓயாமல் தாவுகிறதாம். தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை மங்கச் செய்துவிடுவதால் யாருக்கும் உலகம் குலுங்குவதில்லை. கண்ணாடியில் தன் கண் நகர்வதும் தெரிவதில்லை, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். எனக்குப் பிறவியிலேயே இந்த ஆட்டம் என்பதால், அதையும் சமாளிக்க மூளை பழகிவிட்டது. நேராகப் பார்த்தால் மட்டும் முகங்கள் கலங்கும். முகத்தை வலப்பக்கம் திருப்பி இடது ஓரமாகப் பார்த்தால் ஆட்டம் அடங்கி, எல்லாம் தெளிவாகிவிடும்.

கல்யாணப் பேச்சு வந்ததும் இதுவே வினையானது. முதலில் வந்தவர்கள், பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறாள், திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டார்கள். சீசனுக்கு வந்து ஐந்தருவியில் குளித்த கையோடு பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவ்வளவுதான் நேரம். அதன்பிறகு யார் வந்தாலும் நேராகவே பார்க்கவேண்டும் என்று அம்மா கட்டளை போட்டாள். நானும் பார்த்தேன். வந்து போன மாப்பிள்ளைகளில் ஒருவர் முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. யாரென்றே தெரியாத ஒருவருக்குத் தலையாட்டிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

போன ஆடிக்கு முன்னால் தென்காசி கோயில் பிரகாரத்தில் ஓர் அச்சன்புதூர்க் குடும்பம் பார்க்க வந்தது. மாப்பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நீலச்சட்டை, அதற்கு மேல் கலங்கலாக ஒரு முகம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பினேன். அம்மா இடுப்பில் கிள்ளினாள்.

"அந்தப் பக்கம் என்னம்மா பாக்குத?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

"இப்படித் திருப்புனாத்தான் எனக்கு ஆள் முகம் தெளிவாத் தெரியும்."

இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று அம்மா முடிவுகட்டியிருப்பாள், அவள் கை என் இடுப்பை விட்டுவிட்டது. அப்போது நீலச்சட்டை எழுந்தது. கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் சுற்றிவந்து என் இடப்பக்கம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"இங்கன உக்காந்தா தெரியுதா?"

கண்ணை இடது ஓரம் நகர்த்தினாலே போதும், தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. மீசையோரம் வியர்த்திருந்தது, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். என்னைப் பார்க்க வந்த ஒருவரை அன்றுதான் நானும் பார்த்தேன்.