பண்டிகை டூட்டிக்காரரின் சிங்கப்பூர்

விமானம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே எங்கள் எதிர்க் குவார்ட்டர்ஸ் தனகோட்டி மாமா ஏறி உட்காருவதற்காகத்தான். சிங்கப்பூர்க்காரர்கள் தெருவை அத்தனை சுத்தமாகப் பெருக்கி வைத்திருப்பதும், இவர் எந்த நேரம் வந்து இறங்குவாரோ என்ற பயத்தில்தான். இத்தனைக்கும் மாமா பண்ருட்டியைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலை. பெர்மனென்ட். மகள் இசைப்பிரியா சின்ன வகுப்பில் படிக்கும்போது, கூடப் படித்த ஒருத்தி சிங்கப்பூர் போய்வந்து வகுப்புக்கே சாக்லேட் கொடுத்திருக்கிறாள். இசை அந்தச் சாக்லேட் சுற்றிய தாளை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, "நாம எப்பப்பா போறோம்?" என்று கேட்டாள். சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எங்கப்பா அப்படித்தான் செய்வார். தனகோட்டி மாமாவோ மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார். பெரிய டிராலி பெட்டி வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஹாலில் நிறுத்தினார். பணத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பண்டிகை டூட்டி.

பண்டிகையன்று வேலைக்குப் போனால் கூடுதல் சம்பளம். தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை எது வந்தாலும் மற்றவர்கள் லீவுக்கு அடித்துக்கொள்வார்கள். மாமா டூட்டிக்கு அடித்துக்கொள்வார். குடும்பத்தோடு ஒரே ஒரு விடுமுறைக்குப் போக, இருந்த விடுமுறையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அம்சவல்லி அத்தை முதல் வருஷம் அழுதார். அடுத்த வருஷம் சண்டை போட்டார். அதற்கப்புறம் இரண்டும் இல்லை. பண்டிகைக்கு முந்தின நாளே மகளைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். மாமாவுக்கு அடுப்பு மேல் மூடி வைத்த சோறு. இப்படியே இசை வளர்ந்து கடலூரில் காலேஜும் சேர்ந்துவிட்டாள். அவளுடைய பாஸ்போர்ட் எங்கேயும் போகாமலே காலாவதியாகிவிட்டது.

பண்டிகை நாளில் அந்த வீடு பூட்டியே கிடக்கும் என்பதால், அதன் காலிங் பெல் எனக்கு ரொம்ப வசதி. மற்ற வீடுகளில் அடித்துவிட்டு ஓட வேண்டும். அங்கே நின்று நிதானமாக அடிக்கலாம். திட்ட ஆளில்லாத பெல். இந்தப் பொங்கல் காலையிலும் போய் அடித்தேன். கதவு திறந்தது.

மாமா நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி, கடை மடிப்போடு.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல மாமா. பெல்லு வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுதா?"

"செய்யுது."

"சரி, உள்ள வா."

உள்ளே டிவி சத்தமில்லாமல் ஓடியது. சாப்பாட்டு மேஜையில் மூன்று வாழை இலைகளைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார்.

"டூட்டிக்குப் போவலியா மாமா?"

"லீவு போட்டுட்டேன். பணம் சேந்துடுச்சி. ஜூன்ல போலாம். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடறப்ப சொல்லணும்னு வச்சிகினு இருந்தேன்."

அதற்காகத்தான் லீவு போட்டதையும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் தெரிய அவர்களென்ன ஜோசியமா பார்க்கிறார்கள்? போகியன்று செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், வழக்கம்போல் பூட்டு, வழக்கம்போல் மூடி வைத்த சோறு.

"போன் போட்டு வரச் சொல்லுங்க மாமா."

"அங்க எல்லாரோடயும் சந்தோசமா இருந்துகினு இருப்பாங்க. நா கூப்புட்டு இன்னான்னு சொல்றது? இன்னிக்கி நா வூட்ல இருக்கேன், வந்து பாருங்கன்னா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் டிவியைப் பார்த்தார். அதில் யாரோ எதற்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் நேரே என் கூட்டாளி அருண்குமார் வீட்டுக்குப் போய் அவன் போனைப் பிடுங்கினேன். வாயில் துண்டை வைத்துக்கொண்டு குரலைத் தடிமனாக்கினேன்.

"ஹலோ, தனகோட்டி வூட்டம்மாங்களா? மைன்ஸ்லேருந்து பேசறோம். இன்னிக்கி அவரு ஜெனரல் ஷிஃப்டுக்கு வரவே இல்லீங்க. வூட்ல எதாச்சும் பிரச்சினையா?"

"ஐயையோ!" என்றார் அத்தை. வைத்துவிட்டேன்.

நான் எங்கள் வாசலுக்குத் திரும்பியபோது மாமா போனில் கத்திக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணுமில்லன்னு சொல்றேன் இல்ல!" பொங்கலன்று வீட்டில் இருக்கிற புருஷன் நன்றாக இருக்கிறான் என்று அத்தை நம்பத் தயாராக இல்லை. மதியத்துக்குள் ஆட்டோ வந்து நின்றது. தூக்கில் பொங்கலோடு அத்தை இறங்கினார். பின்னாலேயே கரும்போடு இசை.

அத்தை உள்ளே போனதும் முதலில் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. நான் அவர்கள் வாசல்படியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். காது சும்மாதானே இருந்தது.

மூன்று இலையும் போட்டார்கள். மாமா விஷயத்தைச் சொன்னார். அப்புறம் இசையின் குரல். "அப்பா, அத்தினி நாளு அங்க உங்ககூட நா இன்னாப்பா பேசறது?"

கேலியில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்குக் கரும்பு இனிக்கவில்லை.

"சாப்புடுங்க, ஆறுது," என்றார் அத்தை.

பீரோ திறக்கிற சத்தம். மாமா மகளின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துவந்திருக்க வேண்டும். "ஐயே, பல்லே இல்ல," என்றாள் இசை. "இது நானா?"

"ஆமா. காலாவதி ஆயிடுச்சி. புதுசு எடுக்கணும்."

"ம்."

சாயங்காலம் மாமா ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இசை இன்னா சொல்லிச்சி மாமா?"

"போட்டோ எடுக்க வரேன்னு சொல்லுச்சி. மத்தத அப்பறம் பாக்கலாம்னுச்சி." திரும்பிப் போனவர் தெரு நடுவில் நின்றார்.

"ஏன்டா, பொங்கல் அன்னிக்கி ஜெனரல் ஷிஃப்ட் எவன்டா ஓட்டறான்? அது ஆபீஸ்காரங்க ஷிஃப்ட். பண்டிகைன்னா எல்லாம் வூட்டுக்குப் போயிடுவாங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னு சொல்லியிருக்கணும்."

"எந்த ஷிஃப்ட் மாமா? யாரு, இன்னா?" என்றேன், வாயில் பொங்கலோடு.

"நடிக்காத. இன்னிக்கி நா வூட்ல இருக்கறது இந்த டவுன்ஷிப்லயே ஒருத்தனுக்குத்தான்டா தெரியும்."