உரக்கச் சொல்லாத பாடம்

நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால் பதில் தெரியாது, பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் வரியிலேயே 'இல்லை' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. சிறுவயதில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த தடை அப்படி.

அப்பா கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள், என்னையும் சொல்ல விடமாட்டாள். அரிசி தீர்ந்துபோனால், "அரிசி நிறைஞ்சிருக்கு, கடைக்குப் போயிட்டு வா" என்பாள். கடைக்கார அண்ணாச்சிக்கும் இது பழக்கம். "உப்பும் நிறைஞ்சிருக்கா, அரிசி மட்டுந்தானா?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு அளந்து போடுவார். தூத்துக்குடிக்கு வடக்கே, துறைமுக விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். தெருவில் பல வீடுகளில் இதே வழக்கம்தான். ஆள் கடலில் இருக்கும்போது கரையில் இருப்பவர்கள் எதையும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. ஏன் என்று யாரும் விளக்கியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது இங்கிலீஷுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நல்லவர்தான், ஆனால் கடற்கரை அவருக்குப் புதிது. ஒரு வெள்ளிக்கிழமை கரும்பலகையில் 'ஹேப்பி' என்று எழுதி, அதன் முன்னால் 'அன்' ஒட்டினார்: சந்தோஷம் இல்லாத. 'கேர்' என்று எழுதிப் பின்னால் 'லெஸ்' ஒட்டினார்: கவனம் இல்லாத. இப்படி முன்னாலும் பின்னாலும் ஒட்டி ஒட்டிப் பலகை நிறைந்துவிட்டது. மீனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளான நாங்கள் முன்னால் வருவதைத் தலை என்றும் பின்னால் வருவதை வால் என்றும் சொல்லிக்கொண்டோம். திங்கட்கிழமை எல்லாவற்றையும் பொருளோடு ஒப்பிக்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை வாடைக்காற்று திடீரென்று பலத்தது. கடலுக்குப் போயிருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை பிடித்தன. அப்பாவின் வள்ளம் மட்டும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஊரே மணலில் வந்து நின்றது. கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா, "வந்துக்கிட்டு இருக்காவ" என்றாள். அவர்களும், "ஆமா, வந்துக்கிட்டுத்தான் இருப்பாவ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பெரியவர்களே இப்படிச் சொல்லும்போது எனக்கு என்ன கவலை? சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தேன். அந்தக் காலத்தில் படிப்பு என்றால் உரக்கப் படிப்பதுதான்.

"ஹோப்லெஸ், நம்பிக்கை இல்லாத. ஹெல்ப்லெஸ், உதவி இல்லாத."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"ஏளா, நிறுத்து அதை."

"நாளைக்கு டீச்சர் கேப்பாவம்மா. இது இங்கிலீசு."

"இங்கிலீசுல சொன்னாலும் கடலுக்குக் கேக்கும்."

"அப்ப மனசுக்குள்ள படிக்கேன்."

"மனசுக்குள்ளயும் வேண்டாம்."

 அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உண்டுன்னு சொல்லுத வார்த்தை ஏதாவது சொல்லித் தந்தாவளா?" என்று கேட்டாள்.

இருந்தது. 'ஃபுல்' என்று ஒரு வால் உண்டு. கேர்ஃபுல், கவனம் உள்ள. ஹோப்ஃபுல், நம்பிக்கை உள்ள. 'ஒய்' என்று இன்னொரு சின்ன வாலும் உண்டு. அதைச் சேர்த்து, "விண்டி, காத்து உள்ள" என்றேன்.

"அதை விட்டுரு. அடுத்தது சொல்லு."

"சன்னி, வெயில் உள்ள."

"ஆங், அதைச் சொல்லு."

நான் சொல்லச் சொல்ல அம்மாவும் கூடவே முணுமுணுத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். மடியில் செபமாலை கிடந்தது, விரல்கள் மணியை நகர்த்தியபடி இருந்தன. ஹோப்ஃபுல் என்பது அவள் வாயில் 'ஓப்புல்' என்று வந்தது. நான் திருத்தினேன். திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் அப்பா இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகவா என்று கேட்டேன். "எப்பவும் போல போயிட்டு வா" என்றாள் அம்மா.

டீச்சர் முதலில் என்னைத்தான் எழுப்பினார். கேர்ஃபுல் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்றார். சொல் நாக்கில் நின்றது. ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஹேப்பிக்கு முன்னால் என்ன வரும் என்றார். அதற்கும் நின்றேன். காரணம் சொல்வதென்றால் அப்பா வரவில்லை என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது?

டீச்சர் எனக்கு அடுத்தவளை எழுப்பினார். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள், எங்கள் தெருக்காரி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கடுத்தவளும் அப்படியே நின்றாள். பெஞ்சு முழுக்க நின்றது. பையன்கள் பக்கம் டீச்சர் திரும்பியதும், வாயாடி ஒருவன் கூப்பிடாமலே எழுந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

"ஒரு பிள்ளை கூடவா படிக்கல? என்ன, எல்லாரும் கடல் தண்ணியக் குடிச்சிட்டு வந்தீகளா?" என்றார் டீச்சர்.

யாரும் சிரிக்கவில்லை.  அந்த வாயாடிதான் மெதுவாகச் சொன்னான்: "நாளைக்குக் கேளுங்க டீச்சர்."

"நாளைக்கு மட்டும் வந்துருமா?"

"வந்துரும் டீச்சர்."

மணி அடிக்கும்வரை நின்றோம். கால் வலித்தாலும் எனக்குள் ஒரு நிம்மதி. என்னைப்போல எல்லோருமே பாடத்தை விட்டுவிட்டார்கள், நான் தனியாக அவமானப்படவில்லை. முதல் மார்க்குக்காரி கூடப் படிக்காமல் வந்திருக்கிறாளே என்று கொஞ்சம் இளக்காரமாகக்கூட நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். "இன்னைக்கு வகுப்புல ஒரு ஆளுமே பதில் சொல்லலம்மா." அம்மா ஒவ்வொருவர் பெயராகக் கேட்டாள். எல்லாப் பெயரையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் தருவைகுளத்து மோட்டார் லாஞ்சி ஒன்று அப்பாவின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது. அப்பா இறங்கி மணலில் உட்கார்ந்தார். அம்மா வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வலை இல்லை" என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதே பாடத்தைக் கேட்டார். எல்லோரும் தப்பில்லாமல் சொன்னார்கள்.