எதிர்மனுதாரர் வீட்டு ஸ்கேனர்

என் மனைவி ஸ்டெல்லா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவை நடத்தும் ஃபிலோமினா டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“சார், உங்க சுருதி இறங்குது. பக்கத்துல இருக்கறவங்களையும் சேத்து இழுக்குது. இனிமே பெஞ்சுல உக்காந்து பூசை பாருங்க.”

முப்பத்தொரு வருடம் பாடிய குழு. ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. ஓய்வு பெற்ற தாசில்தாரான என்னைப் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். “தாசில்தாருக்கே ஆர்டரா!”

அன்றிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை, கோவிலில் பாட இடமில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். சாகலாம் என்றுகூட நினைத்தேன். அதற்கும் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்காக அப்போதுதான் அலைந்திருந்தேன்.

பிறகு ஒரு வழி தோன்றியது. ஒரு பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கு இசையியலில் ஓராண்டு முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பை அஞ்சல் வழியில் நடத்துகிறது. அதை முடித்துவிட்டால் பங்குத்தந்தையிடம் போய், “தகுதி யாருக்கு?” என்று கேட்கலாம். டீச்சரிடம் இருப்பது கீபோர்டுத் தேர்வுச் சான்றிதழ் ஒன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் ஜெபமாலை சொன்னேன். என் ஜெபம் ஒரு மனு. மனுதாரர் நான், எதிர்மனுதாரர் ஃபிலோமினா. வேண்டுகோள் ஒன்றே: நான் இந்தப் படிப்பில் சேர்ந்து தேற வேண்டும், அவர் வாயடைக்க வேண்டும். இதை மறைத்து உங்கள் முன் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி.

விண்ணப்பத்தைக் குறையில்லாமல் அனுப்பினேன். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் பல்கலைக்கழகப் பிரிவு அலுவலர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, ஓய்வு பெற்ற தேதிய நீங்களே எழுதியிருக்கீங்க. நகல்ல பச்சை மையில கையெழுத்துப் போட்டு, தாசில்தார்னு சீலும் குத்தியிருக்கீங்க. எதை நம்பறது?”

நகல்களில் விண்ணப்பதாரரே கையெழுத்திட்டால் போதும் என்றுதான் விதி. என் கை அப்படிப் பழகவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒப்படைத்திருக்க வேண்டிய முத்திரை என் மேசை அறையிலேயே இருந்தது. இருபது வருடப் பழக்கத்தில் குத்திவிட்டேன்.

“பழக்கத்துல…”

“பழக்கமா? போலீஸ்ல இதுக்கு வேற பேருங்க ஐயா. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள புதுசா அசல்லேர்ந்து ஸ்கேன் பண்ணி ஏத்துங்க, செல்போன் படம் ஆகாது. இல்லன்னா இதையே மேல அனுப்புறேன்.”

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. ஒரு கையெழுத்து குறைந்ததற்காக ஒரு விதவையை மூன்று முறை திருப்பி அனுப்பியபோது நான் பேசிய குரல் அது.

ஓய்வூதியம் கண்முன் வந்து நின்றது. மண்டியிட்டேன். அப்போது மனு எதுவும் எழுத வரவில்லை. “ஆண்டவரே, அசிங்கப்பட்டுவிட்டேன். காப்பாற்றும்” என்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் முழு அடைப்பு. காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைகூடத் திறக்கவில்லை, பஸ்ஸும் இல்லை. வீட்டில் ஸ்கேனர் வைத்திருப்பவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். வாராவாரம் பாட்டுத் தாள் அச்சடிக்கும் ஃபிலோமினா டீச்சர். வீடு கோட்டுச்சேரியில். அறுபத்து மூன்று வயதில், அசல் ஆவணங்களைப் பையில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்.

கதவைத் திறந்தவர் கையில் மாவு.

“என்ன சார், பந்த் அன்னைக்கு? சுருதி தேடி வந்தீங்களா?”

காகிதங்களை நீட்டினேன். படித்தார்.

“இசையியலா! எதுக்கு சார், இந்த வயசுல?”

பொய் வாயில் வரவில்லை. “உங்களைக் குழுவை விட்டுத் தூக்கறதுக்குங்க.”

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அப்ப மங்கலா எடுத்தா சரியா வராது. உள்ள வாங்க.”

பதினொரு தாள்களையும் எடுத்தார். ஒன்று சாய்ந்து விழுந்ததை மறுபடி எடுத்தார். நாலே முக்காலுக்கு எல்லாம் ஏறிவிட்டது. டீ கொடுத்தார், சர்க்கரை இல்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை. மறுநாளே முத்திரையைப் பழைய அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

இடம் கிடைத்தது. இறுதிக் கட்டுரைக்கு, கூட்டாகப் பாடுகிறவர்கள் சுருதியை எப்படிக் காக்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த எங்கள் குழுவின் பாட்டுகள் இருந்தன. அவள் என் பக்கத்தில் நின்று பதிந்தவை. வேகத்தைக் குறைத்து, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் குறித்தேன்.

என் குரல் ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாவது அடியில் இறங்குகிறது. இறங்கியவுடனே ஸ்டெல்லா தன் குரலைச் சற்று உயர்த்துகிறாள். நான் அதைப் பிடித்து ஏறிவிடுகிறேன். பத்தொன்பது பதிவுகள், பத்தொன்பதிலும் இதுவே. முப்பது வருடம் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. டீச்சர் சொன்னது சரி.

அதை அப்படியே கட்டுரையில் எழுதினேன். தேறினேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு முதலில் போனது கோட்டுச்சேரிக்கு.

டீச்சர் ஓரம்வரை படித்துவிட்டு, “படிப்பு நல்லாருக்கு சார். எங்க, ரெண்டு அடி பாடுங்க” என்றார்.

பாடினேன்.

“அதேதான். பெஞ்சுலயே இருங்க. ஆனா சனிக்கிழமை வந்து புதுப் பாட்டுக்கெல்லாம் ஸ்வரம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எனக்குக் கை வலிக்குது.”

அப்படியே செய்து வருகிறேன். இப்போது வாரத்தில் ஒரு நாளாவது யாரோ ஒருவர் என்னைத் திட்டுகிறார். வீட்டில் லாரி எண்ணுவது நின்றுவிட்டது. பழைய அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவர்களுக்கு, திருப்பி அனுப்ப முடியாதபடி எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்டதில் பாதியைக் கொடுத்தார், மீதியைத் தள்ளுபடி செய்தார்.

சகோதர சகோதரிகளே, யார் மேலாவது கோபம் வைத்து ஜெபிக்கிறீர்களா? நிறுத்தாதீர்கள். அவர் கேட்கிறார். உதவி யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கட்டும். அங்கே போய்க் கதவைத் தட்டுங்கள்.