ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் அப்பா பழைய காரை நேரே பெட்ரோல் பங்குக்குத்தான் விடுவார். அந்த வாசனைக்காகவே பின்சீட்டில் நாங்கள் நால்வரும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்போம்.

மின்சாரம், பெட்ரோல் இரண்டிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவியை நான் வாங்கியதும் நானும் தொடர்ந்து வந்த அந்த வழக்கம் நின்றது. தினமும் வீட்டிலேயே சார்ஜ் போட்டு, நேரத்தைத் தேதிவாரியாக டைரியில் எழுதினேன். பெட்ரோலுக்கு அதில் இடமே வைக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தபோதும், கரண்ட் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போன மாதம், பிரசவ வலி கண்ட மகளை எண்ணூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் சிக்கிக்கொண்டோம். ஏசியிலேயே சார்ஜ் தீர்ந்து, இன்ஜின் ஓடி, மிச்சப் பெட்ரோலும் காலியானது. திருவொற்றியூரில் வழி கிடைத்தபோது வண்டி நகரவில்லை.

பைக்கில் வந்த மீனவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய வண்டில பெட்ரோல் இல்லியா?"

"கரண்ட்ல ஓடுற வண்டிங்க."

"அப்ப கரண்ட்டு எங்க கீது?"

வலியிலும் மகள் சிரித்துவிட்டாள். அவர் தன் பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து எங்கள் டேங்கில் ஊற்றினார்.

"காசெல்லாம் வேணாம் நைனா, மொதல்ல பாப்பாவ இட்டுகினு போ."

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வாங்குங்கள், பங்கை மட்டும் மறக்காதீர்கள் என்கிறேன். இப்போது பூசை முடிந்ததும் பங்குக்குப் போகிறேன். பெட்ரோல் போடும்போது கண்ணாடியை இறக்கி, அந்த வாசனையை உள்ளே விடுகிறேன்.