ராலாமி என்றொரு பெயர்

எங்கள் பக்கம் கான்ஸ்டபிளை ‘ராலாமி’ என்போம். இன்று பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ராலாமி!" என்று கூப்பிட, வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எழுந்து போனவரோ என் பக்கத்தில் இருந்த தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்: "நீங்க போலீஸாங்க?"

"இல்லைங்க, பேரே அதுதான். எழுபதுகள்ல மலை சரிஞ்சப்ப, மாசமா இருந்த எங்கம்மாவ ஒரு ராலாமிதான் லயத்து வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்தாரு. மத்தவங்களக் கூட்டியாரத் திரும்பிப் போனவர மண்ணு மூடிருச்சு. அவரு பேரு அம்மாவுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சத எனக்கு வச்சுட்டாங்க."

மருந்துக்கு நர்ஸ் மறுபடி "ராலாமி!" என்றபோது, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் விறைப்பாக நிமிர்ந்து நின்றார்.

எனக்குச் சோதிடர் எழுத்துப் பார்த்து வைத்த பெயர். உங்களுக்கு?